நெற்றியிலிருந்து ஒரே கோடு: ஆழ்மூளை இரத்தக்கசிவுக்கு ரோபோ துணையுடன் செய்த நுண்துளை அறுவை சிகிச்சை

58 வயதான ஓர் ஆண், காலை 6.10 மணியளவில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க முயன்றவர் வலப்பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஓடிவந்த மனைவியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல் வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தம் இருந்தும், கடந்த நான்கு மாதங்களாக அவர் மாத்திரையை நிறுத்தியிருந்தார் என்பது பின்னர் மகள் சொல்லித் தெரிந்தது. நோயாளியை அடையாளம் காண முடியாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவப் போக்கில் எதையும் மாற்றவில்லை.

7.35 மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபோது இரத்த அழுத்தம் 212/118. வலது கையும் காலும் அசையவில்லை. கண்கள் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தன. விழிப்புநிலையை 3 முதல் 15 வரை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் கண் திறப்பு 3, பேச்சு 3, அசைவு 5, மொத்தம் 11. இந்த 11 என்ற எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இடப்பக்க மூளையில் கசிவு ஏற்பட்டு மொழியே பாதிக்கப்பட்டிருக்கும் ஒருவரிடம், பேச்சுக்குக் கிடைத்த 3 விழிப்புநிலையின் சரிவைக் காட்டுகிறதா, மொழி இழப்பைக் காட்டுகிறதா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே கூட்டுத்தொகையை மட்டும் எழுதாமல், கண், பேச்சு, அசைவு மூன்றையும் அரை மணிக்கு ஒருமுறை தனித்தனியே குறிக்கும்படி செவிலியரிடம் கேட்டுக்கொண்டோம். அன்று மதியம் எங்கள் முடிவை மாற்றியது கூட்டுத்தொகை அன்று. கண் திறப்பு என்ற அந்த ஒற்றைக் கூறுதான்.

சி.டி. ஸ்கேனில், மூளையின் ஆழத்தில் அசைவைச் சீராக்க உதவும் நரம்பணுத் திரளான புட்டாமெனின் இடப்பக்கப் பகுதியில், முன்னிருந்து பின்னாக நீண்ட முட்டை வடிவில், வெண்மையான இரத்தக்கட்டி தெரிந்தது. அதன் மிகப் பெரிய நீளம் 5.6 செ.மீ., அதற்குச் செங்குத்தான அகலம் 3.6 செ.மீ., மேல்கீழ் உயரம் 4.2 செ.மீ. இம்மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுக்கும் எளிய முறைப்படி கன அளவு ஏறத்தாழ 42 மி.லி. மூளையின் நடுக்கோடு 6 மி.மீ. வலப்புறம் தள்ளப்பட்டிருந்தது. மூளை அறைகளுக்குள் இரத்தம் புகவில்லை. இரத்தக்குழாய்களைச் சாயமேற்றிப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமில் இரத்தக்குழாய் வீக்கமோ பிறவிக் குழாய்ப் பின்னலோ இல்லை. கட்டிக்குள் சாயம் கசிந்து புள்ளியாகத் தெரியும் அடையாளமும் இல்லை. இரத்தம் உறையும் தன்மை இயல்பாக இருந்தது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கூடக்கூட உயிராபத்தும் கூடுவதைக் காட்டும், 2001இல் வெளியான மூளைக்கசிவு மதிப்பெண் முறைப்படி விழிப்புநிலைக்கு ஒன்று, 30 மி.லி.க்கு மேற்பட்ட கன அளவுக்கு ஒன்று என மொத்தம் 2 மதிப்பெண் பெற்றார்.

புட்டாமெனுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்தமனிகள், பெரிய தமனியிலிருந்து நேரே செங்குத்தாகக் கிளைப்பவை. அந்தப் பெரிய தமனியின் முழு அழுத்தத்தையும் முடியளவு மெல்லிய சுவரால் தாங்க வேண்டியிருப்பதால், ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாத அழுத்தத்தில் அந்தச் சுவர் நைந்து ஒருநாள் கிழிகிறது. கிழிசலிலிருந்து வெளிவந்த இரத்தம் அருகிலுள்ள திசுவை நசுக்குவது முதல் காயம். கட்டியிலிருந்து கசியும், இரத்தத்தை உறையவைக்கும் திராம்பின் என்ற புரதமும், சிதையும் ஹீமோகுளோபினும், அதிலிருந்து விடுபடும் இரும்பும் சுற்றியுள்ள மூளையை நாட்கணக்கில் வீங்கவைப்பது இரண்டாம் காயம். முதல் காயத்தை எங்களால் திருப்ப இயலாது. கட்டியை விரைவில் வெளியேற்றினால் இரண்டாவதைக் குறைக்கலாம் என்பதே இந்த அறுவையின் அடிப்படை நம்பிக்கை.

அந்த நம்பிக்கை இதுவரை எவ்வளவு தூரம் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது என்பதை, ரோபோவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். 2005இல் வெளியான ஸ்டிச் ஆய்வு, 1033 நோயாளிகளில் உடனடி அறுவையையும் மருந்து சிகிச்சையையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. ஆழத்திலுள்ள கட்டியை அடைய மண்டையோட்டைத் திறந்து நல்ல மூளையை விலக்கிச் செல்வதே புதிய சேதத்தை உண்டாக்கி, பெற்ற பயனை அழித்துவிடுகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். 506 பேரைச் சேர்த்து 2019இல் வெளியான மிஸ்டி-3 ஆய்வில், சிறு துளை வழியே குழாய் செலுத்தி, கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்து கொடுத்து வடித்தனர். ஓராண்டு முடிவில் நல்ல நிலையை எட்டியவர்கள் அறுவைக் குழுவில் 45 விழுக்காடு, மருந்துக் குழுவில் 41 விழுக்காடு. இந்த வேறுபாடு புள்ளியியல்படி போதுமானதாக இல்லை. ஆனால் அதே ஆய்வுக்குள், எஞ்சிய கட்டி 15 மி.லி.க்குக் கீழ் இறங்கியவர்கள் தெளிவாகவே நன்றாக இருந்தனர். 2024இல் வெளியான என்ரிச் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் மெல்லிய குழாய்வழி செய்த அறுவை 300 நோயாளிகளில் பயன் தந்தது. எனினும் அந்தப் பயன் மூளையின் மேற்பரப்புக்கு அருகிலான கசிவுகளிலிருந்தே வந்தது. ஆழ்பகுதிக் கசிவு உள்ளவர்களைச் சேர்ப்பது ஆய்வின் இடையிலேயே நிறுத்தப்பட்டது. எங்கள் நோயாளியின் கட்டியோ ஆழத்தில் இருந்தது.

ஆகவே காலையில் நாங்கள் அறுவைக்கு ஓடவில்லை. செய்தது இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை நரம்புவழி மருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் 140க்குக் கொண்டுவந்து, 130க்கும் 150க்கும் இடையில் ஏற்ற இறக்கமின்றி நிறுத்தியது. தலையணையை 30 பாகை உயர்த்தியது. காய்ச்சலையும் சர்க்கரையையும் கண்காணித்தது. அழுத்தத்தை இன்னும் கீழே, 110 வரை தள்ளுவது கூடுதல் பயன் தராமல் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதை 2016இன் அட்டாச்-2 ஆய்வு காட்டியது. எண்ணைக் குறைப்பதைவிட அது துள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினமான வேலை. அதைச் செய்தவர், மருந்து செலுத்தும் பம்பின் அருகே நாற்காலி போட்டு அமர்ந்திருந்த இளம் செவிலியர்.

காத்திருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் சில மணி நேரங்களில் கசிவு வளரக்கூடும். இன்னும் கசிந்துகொண்டிருக்கும் குழாயின் பக்கத்தில் உறிஞ்சும் ஊசியை வைத்தால், கட்டி தானே கொடுத்துவந்த எதிரழுத்தமும் போய் மீண்டும் பீறிடும். 1.50 மணிக்கு எடுத்த இரண்டாம் சி.டி.யில் கட்டி 43 மி.லி.; அளவீட்டுப் பிழைக்கு உட்பட்ட வேறுபாடுதான், வளரவில்லை. ஆனால் நடுக்கோட்டுச் சரிவு 8 மி.மீ. ஆகியிருந்தது. கூப்பிட்டால் திறந்த கண்கள் இப்போது வலி கொடுத்தால்தான் திறந்தன. கட்டி நிலைத்துவிட்டது, மூளையோ வீங்கத் தொடங்கிவிட்டது. உறிஞ்சுவதற்குப் பொருத்தமான இடைவெளி இது என்று முடிவு செய்தோம். நிலைமை மேலும் சரிந்தால் மண்டையோட்டைத் திறப்பதற்கான கருவிகளையும் அரங்கில் எடுத்து வைக்கச் சொன்னோம்.

மகள் கேட்டது ஒன்றே ஒன்று: “அப்பா மறுபடியும் பேசுவாரா, டாக்டர்?” உயிர் தப்புவதற்கான வாய்ப்பு இதனால் கூடும் என்று நம்புகிறோம், பேச்சும் கையும் எவ்வளவு திரும்பும் என்று எங்களால் உறுதி தர முடியாது, ரோபோ என்ற சொல்லைக் கேட்டு அந்த உறுதி கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம் என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்து, “செய்யுங்க டாக்டர்” என்றார்.

ரோபோ இங்கே என்ன செய்கிறது

ரோபோ அறுவை செய்வதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை நோயாளியின் குடும்பத்தாருக்கு மட்டுமல்ல, சில சமயம் சக மருத்துவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு மூட்டுகள் கொண்ட ஒரு கை, மூளைக்குள் செல்ல வேண்டிய கோட்டைக் கணினித் திட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அந்தக் கோட்டின் நேரில் ஒரு வழிகாட்டிக் குழலைப் பிடித்து நிறுத்தி, அங்கேயே பூட்டிக்கொள்கிறது. துளையிடுவதும், குழாயைச் செலுத்துவதும், உறிஞ்சுவதும், எப்போது நிறுத்துவது என்று உணர்வதும் மனிதக் கை. தலையில் உலோகச் சட்டம் பொருத்தி ஆயத்தொலைவுகளைக் கணக்கிட்டு மூளைக்குள் இலக்கை அடையும் முறை பழையது. 1978இலேயே பாக்லண்டும் வான் ஹோல்ஸ்டும் அம்முறையில், குழாய்க்குள் சுழலும் திருகின் உதவியால் மூளைக்குள் உறைந்த இரத்தத்தை வெளியே எடுத்துக்காட்டினர். 1985இல் பூமா என்ற தொழிற்சாலை ரோபோவின் கை, சி.டி. வழிகாட்டலுடன் மூளைத் திசு மாதிரி எடுக்க ஊசியைத் தாங்கி நின்றது. இன்றைய கருவிகள் அந்த இரண்டு வழிகளின் சந்திப்பு. சட்டத்தின் திருகுகளைக் கையால் எண் பார்த்துத் திருப்பும்போது நேரும் பிழையும், வெறும் கையில் குழாயைப் பிடித்துத் திரையைப் பார்த்துச் செலுத்தும்போது நேரும் நடுக்கமும் இதில் இல்லை. நோயாளிகளின் இறுதி நிலையை ரோபோ பழைய முறைகளைவிட மேம்படுத்துகிறது என்று பெரிய ஒப்பீட்டு ஆய்வு எதையும் முன்வைத்து என்னால் வாதிட இயலாது. கோடு நேராக நிற்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

கோட்டைத் தீர்மானிப்பது அறுவையில் பாதி. இரண்டாம் சி.டி.யையும் ஆஞ்சியோகிராமையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, கட்டியின் நீள அச்சு நெற்றியை எங்கே தொடுகிறது என்று பார்த்தோம். காதுக்கு மேலிருந்து குறுக்கே சென்றால் தூரம் குறைவு. ஆனால் மொழிக்குரிய மேற்பரப்பையும் மூளையின் பக்கவாட்டில் ஓடும் சில்வியன் பள்ளத்தின் இரத்தக்குழாய்களையும் கடக்க வேண்டும், கட்டியின் அகலத்தில் ஒரு துண்டை மட்டுமே குழாய் தொடும். நெற்றியிலிருந்து சென்றால் தூரம் கூடுதல். ஆனால் குழாய் கட்டியின் நீளம் முழுவதிலும் படுத்துக்கிடக்கும், வெண்பொருளின் நார்களை வெட்டாமல் ஏறத்தாழ அவற்றின் போக்கிலேயே நுழையும். நுழைவிடம் நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ. இடப்புறம், மயிரெல்லைக்குச் சற்று உள்ளே, மூளை மடிப்பின் முகட்டில் அமைந்தது; பள்ளத்தில் நுழைந்தால் அங்கே ஓடும் சிரை அறுபடும். அந்த இடத்தில் கோடு எலும்பைச் செங்குத்துக்கு நெருக்கமான கோணத்தில் சந்திப்பதையும் பார்த்துக்கொண்டோம். சாய்வாகச் சந்தித்தால் துரப்பண முனை எலும்பின் மேல் சறுக்கி, ரோபோ எவ்வளவு துல்லியமாக நின்றாலும் துளை வேறிடத்தில் விழும். எலும்பின் வெளிப்பரப்பிலிருந்து இலக்கு 82 மி.மீ.; இலக்கு என்பது கட்டியின் மையமன்று, நீள அச்சில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே இருக்கும் புள்ளி.

மூன்று மில்லிமீட்டர்

முழு மயக்கம் கொடுத்து, மூன்று முள் கவ்வியில் தலையைப் பொருத்தி, கவ்வியை ரோபோவின் அடிப்பாகத்துடன் இணைத்தோம். அடுத்து, சி.டி.யில் உள்ள தலையும் மேசையில் உள்ள தலையும் ஒன்றுதான் என்று ரோபோவுக்குக் கற்பிக்க வேண்டும். இந்தப் பொருத்தும் படிதான் முழு அறுவையின் உயிர்நிலை. அவசர நேரமாதலால் விரைவான வழியைத் தேர்ந்தோம்: லேசர் ஒளி முகத்தின் மேற்பரப்பை வருடி, அந்த வடிவத்தை சி.டி.யின் முக வடிவத்தோடு பொருத்தும். திரையில் சராசரிப் பிழை 0.9 மி.மீ. என்று பச்சை நிறத்தில் வந்தது.

அந்தப் பச்சை எண்ணை ஏற்று அடுத்த படிக்குப் போயிருக்கலாம். வழக்கப்படி சுட்டுமுனையால் தெரிந்த இடங்களைத் தொட்டுப் பார்த்தோம். மூக்கின் வேர்: திரையிலும் மூக்கின் வேர். வலது கண்ணின் வெளி மூலை: சரி. இடது காதின் முன்மேடு: திரையில் முனை தோலுக்கு உள்ளே, 3 மி.மீ.க்கும் கூடுதலாகப் புதைந்து நின்றது. மீண்டும் தொட்டோம், அதே இடம். காரணம் புரியச் சில நிமிடங்கள் ஆயின. சி.டி. எடுத்தபோது நோயாளியின் வாயில் குழாய் இல்லை. இப்போது மூச்சுக்குழாயை நிலைநிறுத்த ஒட்டிய பிளாஸ்திரி இடது கன்னத்தை இழுத்துப் பிடித்திருந்தது, இமைகளும் ஒட்டப்பட்டிருந்தன. லேசர் வருடியது சி.டி.யில் இருந்த முகத்தை அன்று, இழுபட்ட வேறொரு முகத்தை. அத்துடன், வருடிய புள்ளிகள் எல்லாம் முகத்தின் முன்பக்கத்திலேயே குவிந்திருந்தன. திரை காட்டும் பிழை அந்தப் புள்ளிகள் தமக்குள் எவ்வளவு பொருந்தின என்பதை மட்டுமே சொல்லும். அவற்றிலிருந்து விலகி, 82 மி.மீ. ஆழத்திலுள்ள இலக்கில் பிழை எவ்வளவு என்பதைச் சொல்லாது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதைப் பாடமாக எல்லோரும் படித்திருக்கிறோம். காதுமேட்டில் புதைந்து நின்ற அந்த முனையைப் பார்த்தபோதுதான் எனக்கு அது உள்ளே இறங்கியது.

பிளாஸ்திரியைத் தளர்த்தி மீண்டும் வருடலாம் என்று ஒருவர் சொன்னார். அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. கட்டியின் உட்பக்க ஓரத்துக்கு அப்பால் சில மில்லிமீட்டரில் உள்கூடு எனப்படும் நார்க்கற்றை ஓடுகிறது. கைகால்களுக்கான கட்டளை முழுவதும் அதன் வழியேதான் இறங்குகிறது. தோலை நம்புவதை விட்டு எலும்பை நம்புவது என்று தீர்மானித்தோம். மண்டையோட்டில் பரவலான ஐந்து இடங்களில் சிறு குறியீட்டுத் திருகுகளைப் பதித்து, அரங்கிலேயே இருந்த நகரும் சி.டி. கருவியால் மெல்லிய அடுக்குகளாக மீண்டும் படமெடுத்து, திட்டத்தைப் புதிய படத்துக்கு மாற்றினோம். இம்முறை பிழை 0.4 மி.மீ.; காதுமேடு உட்பட எல்லா இடங்களிலும் சுட்டுமுனை ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றது. இதற்கு 40 நிமிடங்கள் கூடுதலாயின. வீங்கிக்கொண்டிருக்கும் மூளைக்கு 40 நிமிடம் சிறிதன்று. ஆயினும் அன்று நாங்கள் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது அதுவே என்று இன்றும் எண்ணுகிறேன். தொடக்கத்திலேயே எலும்புத் திருகுகளுடன் சி.டி. எடுத்திருந்தால் அந்த 40 நிமிடமும் மிஞ்சியிருக்கும். அது எங்கள் தவறு.

உறிஞ்சுதல்

ரோபோவின் கை மெல்ல இறங்கி நெற்றிக்கு மேல் நின்று பூட்டிக்கொண்டது. 1 செ.மீ. கீறல், வழிகாட்டிக் குழல் வழியே 5 மி.மீ. துளை, மூளையுறையில் சிறு திறப்பு. நீர் வழியாதபடி விரைந்து செய்ய வேண்டிய கட்டம் இது; மூளையைச் சூழ்ந்த நீர் கசிந்தால் மூளை தளர்ந்து இடம் பெயரும், ரோபோ பழைய படத்தையே நம்பிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் இறங்காதபடி தடுப்பை 82 மி.மீ.க்கு வைத்து, மழுங்கிய முனையுள்ள உலோகக் குழாயை உள்ளே விட்டேன். கட்டியின் விளிம்பைத் தாண்டும்போது, கைக்கு எதிர்த்துக்கொண்டிருந்த மூளை சட்டென்று இளகியது.

10 மி.லி. சிரிஞ்சை இணைத்து மெதுவாகப் பின்னிழுத்தேன். முதலில் எதுவும் வரவில்லை. பிறகு கறுத்துத் தடித்த இரத்தம், நடுநடுவே நெல்லிக்காய்க்கொட்டை அளவு உறைதுண்டுகளோடு வந்தது. குழாயைச் சில மில்லிமீட்டர் பின்னுக்கு எடுத்து, கால்வட்டம் திருப்பி, மீண்டும் இழுத்தேன். இரண்டு சிரிஞ்சுகள் நிறைந்தபின் மூன்றாவதில் 1 மி.லி. வந்ததும் எதிர்ப்பு தட்டியது. மொத்தம் 21 மி.லி. இன்னும் பாதி உள்ளே இருக்கிறது என்று தெரியும். இழுத்தால் வரவும் கூடும். ஆனால் எதிர்ப்பு என்பது குழாயின் வாயில் இனி மூளைத் திசு வந்து ஒட்டப்போகிறது என்பதற்கான அறிவிப்பு. அங்கே நிறுத்த வேண்டும். இந்த அறுவையைக் கற்றுக்கொள்ளும் இளையவர்களிடம் நான் பார்க்கும் பெரிய சோதனை, திரையில் கட்டி இன்னும் தெரியும்போது கையை நிறுத்துவதுதான். திரையில் தெரிவது அறுவைக்கு முன்பு எடுத்த படம், 21 மி.லி. போனபின் உள்ளிருக்கும் வடிவம் அதுவன்று. உப்புநீரால் மெல்லக் கழுவி, புது இரத்தம் இல்லை என்று உறுதிசெய்து, உலோகக் குழாயை எடுத்துவிட்டு அதே கோட்டில் மென்மையான வடிகுழாயைச் செலுத்தி நிறுத்தினோம்.

உடனடி சி.டி.யில் எச்சம் 20 மி.லி.; வடிகுழாயின் முனை திட்டமிட்ட இடத்திலிருந்து 1.2 மி.மீ. விலகலில் இருந்தது. ஆறு மணி நேரத்துக்குப் பின் எடுத்த படத்திலும் புதுக் கசிவு இல்லாததால், ஆல்டிபிளேஸ் 1 மி.கி. வீதம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகுழாய் வழியே கொடுத்து, ஒரு மணி நேரம் மூடிவைத்து, பின் திறந்து வடியவிட்டோம். ஐந்து வேளை மருந்துக்குப் பின் எச்சம் 9 மி.லி. 15க்குக் கீழே போய்விட்டது. தொற்று அபாயத்தை நீட்டிக்காமல் மூன்றாம் நாளில் வடிகுழாயை எடுத்தோம்.

நடுக்கோட்டுச் சரிவு மூன்றாம் நாளில் 3 மி.மீ.க்கு இறங்கியது. நான்காம் நாள் கூப்பிட்டால் கண் திறந்தார். ஆறாம் நாள் செயற்கைச் சுவாசத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். நுரையீரல் தொற்று ஒன்று வந்து, மருந்துக்குக் கட்டுப்பட்டது. எட்டாம் நாளிலிருந்து உட்கார வைத்தல், விழுங்கும் பயிற்சி, பேச்சுப் பயிற்சி எனத் தொடர்ந்தன. இந்தப் பகுதியை நான் சில வரிகளில் கடந்தாலும், அது நோயாளிக்கும் மகளுக்கும் ஐந்து மாத உழைப்பு.

ஆறாம் மாதத்தில் அவர் கைத்தடியின்றி மெதுவாக நடந்து உள்ளே வந்தார். பக்கவாதத்துக்குப் பின் எஞ்சும் இயலாமையை 0 முதல் 6 வரை அளக்கும் ரேங்கின் அளவுகோலில் 3: நடக்க உதவி வேண்டாம், அன்றாட வேலைகள் சிலவற்றுக்கு வேண்டும். வலது தோளும் முழங்கையும் அசைகின்றன. சட்டைப் பொத்தானை விரல்களால் போட இயலவில்லை. சொல்வது முழுவதும் அவருக்குப் புரிகிறது. பதில் இரண்டு மூன்று சொற்களாக, இடைவெளி விட்டு வருகிறது. சி.டி.யில் கட்டி இருந்த இடம் நீர் நிறைந்த மெல்லிய பிளவாகச் சுருங்கியிருக்கிறது. நெற்றியிலிருந்து குழாய் சென்ற பாதை ஓரிரு அடுக்குகளில் மட்டும் மங்கலான கோடாகத் தெரிகிறது. இரத்த அழுத்தம் 126/78. மாத்திரை எடுக்கிறாரா என்று மகளைப் பார்த்துக் கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் நோயாளியே இடது கையைத் தூக்கி, “ரெண்டு... தினமும்” என்றார்.